டிசம்பருக்குப் பிறகு யார் வருவார்?



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் முதியோர் இல்லங்களின் வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். இளையோர் இயக்கம், அன்பியங்கள், பக்த சபைகள், பள்ளி மாணவர்கள் என்று ஒவ்வொரு குழுவாக வருவார்கள். கேக் வெட்டப்படும், போர்வை வழங்கப்படும், பாடல் பாடப்படும், நிழற்படம் எடுக்கப்படும். சில நாள்களில் ஒரே வேளைக்கு இரண்டு இடங்களிலிருந்து பிரியாணி வந்து சேர்வதும் உண்டு. பொங்கல் முடிந்ததும் அந்த வாசல் அமைதியாகிவிடுகிறது. போர்வை பெற்றவர் அதே கட்டிலில்தான் இருக்கிறார். அவரைத் தேடி வர யாருமில்லை.

இப்பணியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. கொடுத்த கைகள் நல்ல கைகளே. ஆனால் நாம் கொடுப்பதும் அவர்களுக்குத் தேவைப்படுவதும் ஒன்றுதானா என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். இது நாட்டு மக்களில் 8.6 விழுக்காடு. தமிழகத்தில் அது 10.4 விழுக்காடு, மாநிலங்களில் கேரளத்துக்கும் கோவாவுக்கும் அடுத்த இடம். பிறப்பு குறைந்து ஆயுள் கூடியதால் வந்த மாற்றம் இது. தஞ்சைத் தரணியில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மேட்டூர் அணை திறக்கும் நாளை நம்பி வாழும் பூமி இது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் வழக்கமான ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. குறுவை பொய்த்தது, சம்பாவும் பல ஆண்டுகளில் கருகியது. நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரங்கள் வந்தன. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது மேலும் பல குடும்பங்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டன. வீடும் வயதானவர்களும் மட்டும் ஊரில் தங்கினார்கள்.

ஆகவே முதியோரை இல்லத்தில் விடும் எல்லாப் பிள்ளைகளையும் கல்நெஞ்சர்கள் என்று பழிப்பது எளிது, அது நியாயமாகாது. கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில், படுக்கையில் கிடக்கும் தாயைப் பகலில் யார் பார்ப்பது? இல்லத்தில் நாம் சந்திப்பவர்களில் ஆயுள் முழுவதும் பிறர் நிலத்தில் நாற்று நட்ட நிலமற்ற தொழிலாளிகள் உண்டு. 2023 ஆகஸ்டில் முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதைக்கொண்டு மருந்துக்கும் பாலுக்கும் ஈடுகொடுப்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும்.

வேறொரு வகையினரும் அங்கே இருக்கிறார்கள். நிலத்தையும் வீட்டையும் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்தபின் அந்த வீட்டிலேயே இடமில்லாமல் போனவர்கள் இவர்கள். ஆண்டவர் இயேசு கண்டித்த ‘கொர்பான்’ பழக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம் (மாற்கு 7:9-13). பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. திருவிழாவுக்கு உபயம் கொடுத்துவிட்டு, தாயைப் பார்க்க ஆறு மாதமாகப் போகாத மகனுக்கும் அந்தச் சொல் பொருந்தும். இல்லத்திற்குச் செல்லும் தன்னார்வலரும் தம் வீட்டுத் திண்ணையில் இருப்பவரை முதலில் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. தம் வீட்டாரிடம்தான் பக்தி முதலில் செயல்பட வேண்டும் என்பது திருத்தூதர் பவுலின் அறிவுரை (1 திமொத்தேயு 5:4).

நாட்டின் சட்டமும் இவர்களுக்குத் துணை நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலவாழ்வுச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பராமரிக்க மறுக்கும் பிள்ளைகள்மீது முதியவர் வழக்கறிஞர் இன்றியே கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் செல்லாது என அறிவிக்கச் செய்யலாம். எனவே பத்திரம் எழுதும்போதே அந்த நிபந்தனையைச் சேர்த்து எழுதச் சொல்வது நம் பங்குகளில் செய்யவேண்டிய ஓர் எளிய உதவி. 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆனால் சட்டம் சோறு வாங்கித் தரும். பக்கத்தில் உட்கார்ந்து பேசாது. அது நம் பணி.

திருச்சபை இப்பணியைப் பெரிய திட்டங்களோடு தொடங்கவில்லை. 1839-இல் பிரான்சு நாட்டில் ஜான் ஜுகான் என்ற எளிய பெண், பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்திற்கு அழைத்து வந்து, தம் சொந்தப் படுக்கையையே கொடுத்தார். பிறகு அவர்களுக்காக வீடு வீடாகக் கையேந்தினார். அவர் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882-இல் கொல்கத்தாவுக்கு வந்தது. 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக உயர்த்தினார். அதற்கு முன், 1833-இல் பாரிசில் மாணவராக இருந்த பிரெடரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்று நம் பங்குகளிலும் செயல்படுகிறது. ஏழையை அவர் இருக்கும் இடத்திற்கே இருவராகச் சென்று, தவறாமல் சந்திப்பது அச்சபையின் மரபு. இதில் ‘தவறாமல்’ என்பதுதான் முக்கியம்.

2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தி, ஜூலை மாத நான்காம் ஞாயிறை அதற்கென ஒதுக்கினார். கொரோனாத் தொற்றால் இல்லங்களின் கதவுகள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. உணவு உள்ளே போயிற்று, உறவு போகவில்லை. பார்க்க யாரும் வராத நாள்கள் முதியவரை எப்படி உருக்குகின்றன என்பதை அந்த ஆண்டுகள் உலகம் முழுவதற்கும் கற்பித்தன.

தவறாமல் செல்வதில் வேறொரு பயனும் உண்டு. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஓர் இல்லத்தைப் பற்றிக் குற்றச்சாட்டுகள் எழுந்து, அங்கிருந்தவர்களை அரசு வேறு இடங்களுக்கு மாற்றிய செய்தி நம் அனைவரையும் கலங்க வைத்தது. வெளியார் வந்துபோகும் இல்லத்தில் ஒளிவுமறைவுக்கு இடம் குறைவு. வாரந்தோறும் வருகிறவருக்குத்தான் ஒருவர் மெலிந்துபோனதும், முதுகில் படுக்கைப்புண் வந்திருப்பதும், கண்ணாடி உடைந்திருப்பதும் தெரியும். நல்ல இல்லங்கள் இத்தகைய வருகையை விரும்பவே செய்யும். குறைந்த ஆள்களோடு இரவும் பகலும் உழைக்கும் அருட்சகோதரிகளுக்கும் பணியாளர்களுக்கும் அது பெரும் துணை.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? ஓர் அன்பியம் ஓர் இல்லத்தைத் தத்தெடுத்து, மாதம் இருமுறை இருவர் இருவராகச் செல்லலாம். ஒரே முதியவரிடம் ஒரே ஆள் செல்வது நல்லது. அப்போதுதான் பெயரும் ஊரும் கதையும் நினைவிலிருக்கும். எதைப் பேசுவது என்று தயங்க வேண்டாம். எந்த ஊர், எந்த ஆற்றுப் பாசனம், ஒரு நாளில் எத்தனை பேர் சேர்ந்து நடவு முடிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நடவுப் பாட்டு தெரியுமா பாட்டி என்று கேட்டால், அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்காரக்கூடும். நகம் வெட்டிவிடலாம். கடிதம் படித்துக் காட்டலாம். வெளிநாட்டிலிருக்கும் மகனைக் கைப்பேசியில் அழைத்துக் கொடுக்கலாம். நினைவு தவறியவர் சொன்னதையே சொன்னால் முதன்முறை கேட்பதுபோல் கேட்கலாம். தந்தையின் அறிவாற்றல் குறைந்தாலும் பொறுமையோடு நடந்துகொள்ளச் சீராக்கின் ஞானம் நமக்குக் கற்பிக்கிறது (3:12-13).

இல்லத்தில் பிற சமயத்தவரும் இருப்பார்கள். அவர்கள் கேட்காமல் அவர்கள்மேல் செபத்தைத் திணிக்க வேண்டாம். நம்மை நம்பிப் படுத்திருப்பவரின் இயலாமையை நாம் பயன்படுத்தக்கூடாது. நம் மக்களுக்கோ நற்கருணையும் ஒப்புரவும் நோயில் பூசுதலும் கிடைக்கின்றனவா என்று பங்குத்தந்தைக்கு நினைவூட்டுவது நம் கடமை. நோயில் பூசுதல் சாகும் நேரத்திற்கு மட்டும் உரியதன்று என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியுள்ளது. நிழற்படங்களைப் பொறுத்தவரை, நம் தாயின் படத்தை அப்படி வெளியிடுவோமா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாலே போதும்.

உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் அவருடைய முதுமையைப் பற்றிப் பேசினார். இளமையில் விரும்பிய இடத்திற்கு நடந்தவர், முதிர்ந்த வயதில் கைகளை விரிக்க, வேறொருவர் அவரைக் கட்டி, அவர் விரும்பாத இடத்திற்குக் கூட்டிச் செல்வார் என்றார் (யோவான் 21:18). பேதுருவின் மறைசாட்சிய இறப்பைக் குறித்த சொல் அது. ஆயினும் இல்லத்தின் வாசலில் கையில் ஒரு பையோடு இறக்கிவிடப்படும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது அது நம் காதில் ஒலிக்கிறது. நாளை நம்மையும் ஒருவர் கைபிடித்து அழைத்துச் செல்வார்.

டிசம்பரில் செல்வோம், தவறில்லை. திரும்பும்போது, “அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு வருகிறேன் பாட்டி” என்று சொல்லிவிட்டு வருவோம். சொன்ன ஞாயிறன்று அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று நாம் அங்கே இருக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக.