பனிக்காலத்தில் கேமரா மங்கினால் யார் பொறுப்பு?

நீலகிரியில் நவம்பர் மாதம் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக மாறுவது நாம் ஆண்டுதோறும் காண்பதுதான். அதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்து வருகிறது. கடை வாசலிலும் கிடங்கு வாசலிலும் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கேமராக்கள் விடியற்காலையில் ஒன்றும் தெரியாமல் வெளுத்துப் போகின்றன. வெயில் ஏறியதும் படம் தெளிந்துவிடுவதால், "பனிக்கு நாம் என்ன செய்ய முடியும்?" என்று விட்டுவிடுகிறோம். மாட்டிக் கொடுத்தவரும் அதையே சொல்கிறார். இந்தச் சமாதானத்தை வணிகர்களாகிய நாம் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

பகலில் கடையில் ஆள் இருக்கிறது. நமக்குக் கேமரா தேவைப்படுவதே இருட்டு நேரத்தில்தான். பூட்டை யார் தொட்டார்கள், லாரியில் ஏறிய கேரட் மூட்டை எத்தனை என்ற கேள்விகள் எல்லாம் அந்த நேரத்தைப் பற்றியே எழுகின்றன. போலீசில் புகார் கொடுத்தாலும் இன்சூரன்சில் கேட்டாலும், முகம் தெரியாத படத்தால் பயனில்லை.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 7 கிராம்தான் தாங்கும். மிச்சம், குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிகிறது. கேமராவுக்குள் அடைபட்ட காற்றிலும் இதுவே நடக்கிறது. இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கின் ஒளி அந்த நீர்த்துளிகளில் பட்டுத் திரும்புவதால் படம் முழுதும் வெளுத்துவிடுகிறது.

கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தெளிந்தால் ஈரம் வெளியே இருக்கிறது. திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் பொருளில்தான் பனி அதிகம் படியும். கூரைக்கு அடியில் நிறுத்திய வண்டியில் குறைவாகவே படிவதை நாம் அறிவோம். ஆகவே கேமராவைச் சன்ஷேடுக்கு அடியில் மாற்றினாலே பாதித் தொல்லை தீரும். துடைத்தும் தெளியாவிட்டால் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது. அது பெரும்பாலும் பொருத்திய வேலையில் உள்ள குறை.

"இது ஐ.பி.66, தண்ணீரே புகாது" என்பார்கள். அந்த எண் தூசியையும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தடுப்பதற்கான அளவு. மூடும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக் காற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. டோம் வகைக் கேமராவில் லென்சைத் திருப்ப மூடியைக் கழற்றியாக வேண்டும். மேகமூட்டமும் சாரலுமான நாளில் கழற்றி மூடினால், அன்றைய ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம். கம்பி நுழையும் துளையைச் சரியாக அடைக்காவிட்டாலோ, பகல் சூட்டில் விரிந்து வெளியேறும் காற்றுக்குப் பதிலாக இரவில் ஈரக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது.

எனவே வேலைக்கு ஆள் விடும்போது சில நிபந்தனைகளை வாயால் சொன்னால் போதாது. பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். ஒன்று, வெயிலுள்ள, காற்று உலர்ந்த நேரத்தில் மட்டுமே மூடியைத் திறப்பது. இரண்டு, மூடும்போது ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது. மூன்று, உள்ளே புதிய சிலிகா ஜெல் பொட்டலம் வைப்பது; செருப்புப் பெட்டியில் வருகிற அதே சரக்குதான். மணி நீல நிறமாக இருந்தால், ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாக மாறும். அப்போது மாற்றிவிட வேண்டும். நான்கு, கம்பி இணைப்பை நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டுக் கீழிருந்து மேலேற்றுவது. ஐந்து, முதல் பனிக்காலம் முடியும்வரை உட்புறம் மங்கினால் கட்டணமின்றிச் சரிசெய்து தருவது. காரண்டி உள்ள கேமராவை நாமே கழற்றக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் பங்குக்கும் ஒரு வேலை உண்டு. கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சை அணைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். யு.பி.எஸ். பேட்டரி தீர்ந்ததும் கேமரா நின்று குளிர்ந்துவிடும். ஓடும் கேமராவின் சொந்தச் சூடுதான் அதன் கண்ணாடியை ஈரத்திலிருந்து காக்கிறது. 10 வாட் இழுக்கும் கேமரா 12 மணி நேரம் ஓடினாலும் 0.12 யூனிட்தான் செலவு. அதற்குத் தனி லைன் இழுத்து, இரவும் பகலும் ஓடவிடுவதே சிக்கனம். தலைக்குந்தா போன்ற உறைபனி விழும் இடங்களில், உள்ளேயே சிறு ஹீட்டர் வைத்த கேமராவை விசாரித்து வாங்கலாம்.

தனி ஒரு கடைக்காரர் நிபந்தனை பேசினால், "இஷ்டமிருந்தால் செய்யுங்கள்" என்று போய்விடுவார்கள். ஒரு வீதிக் கடைகள் அத்தனையும் ஒரே தாளை நீட்டினால் அப்படிப் போக முடியாது. மேற்சொன்ன ஐந்தையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்கச் சங்க நிர்வாகிகள் முன்வர வேண்டும். நவம்பர் பிறக்கும் முன்பே இதைச் செய்தால்தான் பயன்.