கணக்கு தாளோடு முடிந்துவிடுகிறதா?

எம்.எஸ்ஸி. கணிதம் படித்தால் வாத்தியார் வேலைதான் என்பது நம் வீடுகளின் தீர்ப்பு. விவரம் தெரிந்தவர்கள் அதையே நாசூக்காகச் சொல்வார்கள். உலகம் சிக்கலானது, சமன்பாட்டில் அடங்காது. அப்படியே கணக்குப் போட வேண்டுமென்றாலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. பயன்பாட்டுக் கணிதம் என்பது பழைய சூத்திரத்தில் புதிய எண்களைப் போட்டுப் பார்ப்பது, அதில் ஆராய என்ன இருக்கிறது? கொரோனாவுக்குப் பிறகு நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது: கணித மாதிரிகள் சொன்னது எங்கே பலித்தது?

முதல் மூன்று வாதங்களும் வரலாற்றின் முன்னால் நிற்காது. நான்காவதில் பாதி உண்மை உண்டு.

சமன்பாட்டில் உலகம் அடங்காது என்ற வாதத்தை ரொனால்டு ராஸ் நூறாண்டுக்கு முன்பே எதிர்கொண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தவர் அவர். 1902-ல் நோபல் பரிசும் பெற்றார். கொசுவைக் குறைத்தால் மலேரியா குறையும் என்று அவர் வாதிட்டபோது எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்தே வந்தது. ஊரிலுள்ள கொசு அத்தனையையும் கொல்ல முடியுமா? முடியாதென்றால் செலவு வீண்தானே?

இந்தக் கேள்விக்கு நுண்ணோக்கியில் விடை கிடைக்காது. ராஸ் பென்சிலை எடுத்தார். கொசு முதலில் ஒரு நோயாளியைக் கடிக்க வேண்டும். ஒட்டுண்ணி தன்னுள் முதிரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். அதன்பின் இன்னொருவரைக் கடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பகுதிக் கொசுக்கள் கழிந்துவிடுகின்றன. ஆகவே கொசுக்களின் எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே போனால், புதிதாக நோயில் விழுகிறவர்களைவிடக் குணமாகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள்; நோய் தானே தேயும். கடைசிக் கொசுவைத் துரத்த வேண்டியதில்லை. மொரிஷியஸ் மலேரியா பற்றிய 1908 அறிக்கையிலும், 1911-ல் வந்த நூல் பதிப்பிலும் இந்தக் கணக்கை அவர் விரித்து எழுதினார்.

1950களில் ஜார்ஜ் மெக்டொனால்டு இதை இன்னும் கூர்மையாக்கினார். ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர ஏறத்தாழப் பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொசு ஒரு நாளைப் பிழைத்துக் கடக்கும் வாய்ப்பு 90 விழுக்காடு என்றால், பத்து நாளைத் தாண்டுபவை நூற்றுக்கு 35. அந்த வாய்ப்பை 80 ஆக்கினால் தாண்டுபவை 11 மட்டுமே. குட்டையில் புழுக்களைப் பாதியாக்கினால் ஆபத்தான கொசுக்களும் பாதிதான் ஆகும். வளர்ந்த கொசுவின் ஆயுளில் கொஞ்சம் கை வைத்தாலோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகின்றன. வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிக்கும் உத்திக்குக் கணிதம் கொடுத்த வலு இது. இறக்கையின் நீளம், கண்ணின் நிறம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. எதை விடலாம் என்று தெரிந்து விட்டதால்தான் எது முக்கியம் என்பது புலப்பட்டது.

அடுத்தது, கம்ப்யூட்டர் இருக்கும்போது கணிதர் எதற்கு என்ற வாதம். இதற்கான பதில் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. கடும்புயலில்கூட அப்படி நடக்காது; அன்று அழுத்தமானி அசையவே இல்லை என்று சொல்லலாம். தோற்ற கணக்கை மறைக்காமல் 1922-ல் புத்தகமாகவே போட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை நினைக்கத் தோன்றுகிறது.

அவர் கையில் இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே தப்பான விடை ஒரு நொடியில் வந்திருக்கும். கோளாறு வேகத்தில் இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்று, அழுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை; அந்தச் சிறு பொருத்தமின்மையைச் சமன்பாடுகள் வேகமாக ஓடும் அலைகளாகப் பெருக்கிவிட்டன. 1928-ல் கூரான்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி மூவரும் இன்னொரு கண்ணியையும் காட்டினார்கள்: கணக்குக்காக வரைபடத்தைப் பிரிக்கும் கட்டங்களின் அகலத்துக்குப் பொருந்தாமல் காலத்தில் பெரிய அடி எடுத்து வைத்தால், சரியான சமன்பாடும் தாறுமாறான விடையைத் தரும். அந்த வேக அலைகளை வடிகட்டிய எளிய சமன்பாட்டை வைத்துத்தான் சார்னியும் ஃபான் நாய்மனும் அவர்கள் குழுவினரும் 1950-ல் எனியாக் கம்ப்யூட்டரில் முதல் வானிலைக் கணிப்பைச் செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச், ரிச்சர்ட்சனின் தொடக்க அளவீடுகளைக் கணித முறையில் சீராக்கிவிட்டு அதே கணக்கைத் திரும்பப் போட்டார். ஒரு மில்லிபாருக்கும் குறைவான மாற்றமே வந்தது.

வேகமேகூடப் பல சமயம் கணிதத்தின் கொடை. ஒரு சமிக்ஞையில் என்னென்ன அதிர்வெண்கள் கலந்துள்ளன என்று பிரித்துப் பார்க்க, பத்து லட்சம் அளவீடுகளுக்கு நேர்வழியில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிப் பெருக்கல்கள் வேண்டும். கூலியும் டூகியும் 1965-ல் வெளியிட்ட வழிமுறையில் சுமார் இரண்டு கோடி போதும். இயந்திரத்தில் ஒரு திருகாணியும் மாறவில்லை.

மூன்றாவது வாதத்துக்காரர்கள் சி.டி. ஸ்கேனைத் தங்கள் பக்கச் சாட்சியாக அழைக்கலாம். பல திசைகளில் உடலை ஊடுருவி வந்த எக்ஸ் கதிர்களின் அளவிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டெடுக்கும் கணக்கை யோஹான் ராடோன் 1917-லேயே தீர்த்துவிட்டார். 1956-ல் கேப் டவுன் மருத்துவமனையில் பகுதி நேர இயற்பியலராக இருந்த ஆலன் கார்மாக்குக்கு இது தெரியாது. தானே முட்டிமோதித் தீர்த்து, 1963, 1964-ல் கட்டுரைகளாக வெளியிட்டார்; கவனித்தவர்கள் மிகச் சிலரே. தனியே உழைத்த ஹவுன்ஸ்ஃபீல்டின் ஸ்கேனர் 1971-ல் முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1979-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

பழைய சூத்திரம் இருந்ததே, பிறகென்ன ஆராய்ச்சி? ராடோனின் சூத்திரம் கேட்பது பிழையே இல்லாத, முடிவற்ற எண்ணிக்கையிலான அளவீடுகளை. மருத்துவமனையில் கிடைப்பது குறைவான, இரைச்சல் கலந்த அளவீடுகள். பின்னோக்கிக் கணக்கிடும்போது அந்தச் சிறு பிழை படத்தையே கெடுத்துவிடும். எவ்வளவு அளந்தால் போதும், பிழையை எப்படி அடக்குவது என்ற கேள்விகளுக்கு 1917-ல் விடை கிடையாது. அந்த வேலை இன்றும் நடக்கிறது. 2004 முதல் 2006 வரை கான்டஸ், ராம்பர்க், தாவ், டோனஹோ ஆகியோர், பெரும்பகுதி சுருக்கத்தக்க தகவலே கொண்ட ஒரு படத்தை மரபு கேட்கும் அளவீடுகளில் ஒரு சிறு பங்கைக்கொண்டே மீட்கலாம் என்றும், எந்த நிபந்தனையில் என்றும் நிறுவினார்கள். எம்.ஆர்.ஐ. குகைக்குள் அசையாமல் கிடக்க முடியாத குழந்தைக்கு இதன் அருமை தெரியும். இந்த முறையில் இயங்கும் வணிக ஸ்கேனர்களுக்கு அமெரிக்க அரசு 2017-ல் அனுமதி தந்தது. இவர்களில் தாவ், பகா எண்களில் செய்த வேலைக்காக உலகம் அறிந்தவர்.

தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம் என்ற வேலியும் அவ்வளவு உயரமில்லை. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, தன் கணிதத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று பெருமைப்பட்டவர். 1908-ல் மரபியலர் பன்னெட்டின் சந்தேகத்தைத் தீர்க்க அவர் எழுதிய சிறு கடிதத்தில் இருந்த கணக்குதான், இன்று உயிரியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஹார்டி-வைன்பர்க் விதி.

இனி கொரோனா. 2020 அக்டோபரில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த குழு, உச்சம் கடந்துவிட்டது, கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் பிப்ரவரிக்குள் தொற்று பெரும்பாலும் அடங்கும் என்று மாதிரியைக் காட்டிச் சொன்னது. 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் என்ன நடந்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தக் கணிப்பு தவறு; பூசி மெழுகத் தேவையில்லை.

ஆனால் அந்தத் தவறைக் கணிதத்தின் தலையில் மொத்தமாகக் கட்டுவது சரியல்ல. அந்த மாதிரியின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியவர்களில் தொற்றுநோய்க் கணிதம் செய்பவர்களே இருந்தார்கள். எந்த மாதிரியும் சொல்வது, 'இப்படி இருந்தால் இப்படி ஆகும்' என்பதை. செய்தியாளர் சந்திப்பில் அந்த 'இருந்தால்' உதிர்ந்துவிடுகிறது. புதிய உருமாற்றம் வராது என்ற அனுமானம் தலைப்பில் இடம்பிடித்திருந்தால் வாசித்தவர்கள் வேறு மாதிரி நடந்திருக்கக்கூடும்.

கணிப்பை வெளியிடும்போதே அதன் அனுமானங்கள், பிழை வரம்பு, நிரல் மூன்றையும் அரசு பொதுவில் வைக்க வேண்டும். டெங்குவோ காலராவோ, வாரக் கணக்கை மாவட்டவாரியாக யாரும் எடுத்துச் சோதிக்கும்படி தர வேண்டும். நம் கல்லூரிக் கணிதத் துறைகளும் கூச்சப்படாமல் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிப்பட்ட கணக்கு எதற்கு உதவும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. தொற்றுநோய்க் கணிதத்தின் அடிப்படைக் கட்டுரையை 1927-ல் எழுதியவர்கள் இருவர்: இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலி பாஸ்டர் நிறுவனத்தை நடத்திய மருத்துவர் மெக்கென்ட்ரிக், ஆய்வக விபத்தில் பார்வை இழந்த வேதியியலர் கெர்மாக். தங்கள் சமன்பாட்டை உரசிப் பார்க்க எடின்பரோவிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905-06-இல் பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் வாராந்திரக் கணக்கு.