ஏரி நீரில் துள்ளுவது எது?

ஏரி நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், புள்ளி புள்ளியாகச் சில உயிர்கள் அசைவது தெரியும். இவற்றில் பல ஓட்டுடலிகள். அதாவது இறால், நண்டு வகையைச் சேர்ந்த, புற ஓடும் கணுக்கால்களும் உடையவை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். ஆனாலும் நீர்த்தெள்ளு, சைக்ளாப்ஸ், ஆஸ்ட்ரகாட் என்ற அவற்றின் முக்கியக் குழுக்களை ஒரு கைவில்லை கொண்டே பிரித்தறியலாம்.

முதலில் அசைவைக் கவனிக்க வேண்டும். நீர்த்தெள்ளு ஒரு துள்ளு துள்ளி மேலெழும், பிறகு மெல்ல இறங்கும், மறுபடி துள்ளும். கிளைவிட்ட இரண்டு பெரிய உணர்கொம்புகளை அடித்து அது நீந்துகிறது. சைக்ளாப்ஸ் சட்டென்று பாய்ந்து நின்றுவிடும். ஆஸ்ட்ரகாட் பெரும்பாலும் அடிமண்ணையும் செடித்தண்டையும் ஒட்டியே திரியும்.

அடுத்து உடலமைப்பு. நீர்த்தெள்ளின் ஓடு ஒளி ஊடுருவுவது. அதனால் துடிக்கும் இதயமும், குடலும், ஒற்றைக் கருங்கண்ணும் வெளியே தெரியும். முட்டைகள் முதுகுப்புற அறைக்குள் இருக்கும். சைக்ளாப்ஸின் உடல் முன்னே அகன்று பின்னே குறுகிப் பிளவுபட்ட வாலில் முடியும். முட்டையிடும் பெண்ணுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முட்டைப்பைகள் தொங்கும். அதன் உறவான டயாப்டோமஸுக்கு உணர்கொம்புகள் மிக நீளம், முட்டைப்பை ஒன்றுதான். ஆஸ்ட்ரகாட் சிறு மட்டியைப்போல இரண்டு ஓடுகளுக்குள் உடல் முழுவதையும் மூடிக்கொள்ளும்.

இதற்கு மேல் இனம்வரை போவது கடினம். தம்மைத் தின்னும் உயிர்களின் வேதிப்பொருள் நீரில் கலந்திருந்தால், சில நீர்த்தெள்ளு இனங்களுக்குத் தலையில் கூரிய முகடும் நீண்ட வால்முள்ளும் வளரும். ஒரே இனம் இரண்டாகத் தோன்றும். சைக்ளாப்ஸின் குஞ்சான நாப்லியஸ் தாயின் சாயலே இல்லாதது. ஆகவே முதிர்ந்த உயிரியை நுண்ணோக்கியில் வைத்து, கால்களின் முட்கள்வரை பார்க்க வேண்டியிருக்கும்.

குழுவை மட்டும் அறிந்தாலும் பயன் உண்டு. மனிதருக்கு நரம்புச் சிலந்தி நோயை உண்டாக்கும் புழுவின் இளவுயிரிகள் சைக்ளாப்ஸுக்குள் வளர்வதை ருஷ்ய ஆய்வாளர் அலெக்ஸேய் ஃபெத்சென்கோ 1870 வாக்கில் கண்டறிந்தார். நீரோடு சைக்ளாப்ஸை விழுங்கியவர்களுக்கே நோய் தொற்றியது. சைக்ளாப்ஸ் துணியில் தங்கிவிடும் அளவுள்ளது என்பதால், குடிநீரை நெருக்கமான துணியில் வடிகட்டுவது முக்கியத் தடுப்புமுறையாயிற்று. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாக அறிவித்தது.

உறுதியாகத் தெரியாதபோது இனப்பெயரை ஊகிக்க வேண்டாம். “நீர்த்தெள்ளு, முட்டையுடன்” என்று எழுதி, நீர் எடுத்த இடத்தையும் நாளையும் சேர்த்து வையுங்கள். அடுத்து அந்த ஏரியை ஆராய்பவருக்கு அது உதவும்.