தோப்பில் ஒரு விவாகம்

நமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஹெரெபோர்டுஷயரில் உத்தியோகம் பார்த்து வருகிறார். சென்ற கார்த்திகையில் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தாம் ஏழாண்டுகளாக உடன் வாழ்ந்துவரும் ஆங்கிலேய நண்பரை வருகிற மே மாதத்தில் விவாகம் செய்துகொள்ள நிச்சயித்திருப்பதாகவும், அந்நண்பருடைய தமக்கையாரின் ஆப்பிள் தோப்பிலே நாற்பது பேர் முன்னிலையில் ஆடம்பரமின்றி அதனை நடத்த எண்ணுவதாகவும், இவ்விஷயத்தில் "ஐயா அவர்களின் அபிப்பிராயம்" யாதென்றும் கேட்டிருந்தார். ஆடவர் இருவர் விவாகமா என்று புருவம் நெரிப்போர் நம் வாசகருள்ளும் இருப்பர். நானும் அக்கடிதத்தை இரண்டு நாள் மேசைமீதே கிடக்கவிட்டேன் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மூன்றாம் நாள் எழுதிய விடையை, அவருடைய சம்மதம் பெற்று, சற்று விரித்து ஈண்டுத் தருகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருபாலார் விவாகத்திற்கு 2013ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. 2014 மார்ச்சு 29 முதல் அத்தகைய விவாகங்கள் நிகழ்ந்து வருகின்றன. ஆகவே இவ்விருவருக்கும் விவாகத்தைப் பற்றித் தடையில்லை. தோப்பைப் பற்றியே தடை. அந்நாட்டுச் சட்டம் ஆளைப் பார்ப்பதினும் இடத்தையே பெரிதும் பார்க்கிறது. அனுமதி பெற்ற மாளிகையாயின், 2021 ஜூலை முதல் அதனைச் சூழ்ந்த தோட்டத்தில் வானத்தின் கீழே விவாகம் நடத்தலாம். அனுமதி பெற்ற கட்டடம் இல்லாத தோப்பில் நடத்தவியலாது. ஸ்காட்லாந்திலோ நடத்திவைப்பவர் தகுதியுடையவராயிருந்தாற் போதும்; மலைச்சாரலாயினும் கடற்கரையாயினும் குற்றமில்லை. ஒரே தீவில் எல்லை ஒன்றைக் கடந்தவுடன் ஆகாதது ஆகும் என்பது வேடிக்கையே.

எனவே நம் நண்பர் முதலில் தம் வட்டாரத்து ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் முன்னறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். நம் ஆலயங்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது போல, அங்கே அவ்வறிவிப்பு 28 நாள் யாவரும் காண வைக்கப்படும். அந்நாட்டுப் பிரஜையல்லாதார்க்கு அது 70 நாளாக நீட்டப்படுவதும் உண்டு. ஆதலின் மே மாதத்து விவாகத்திற்கு மாசி மாதத்திலேயே எழுந்து நடத்தல் நலம் என்று எழுதினேன். பிறகு குறித்த நாளில் இரு சாட்சிகளோடு சென்று, சட்டம் விதித்த சில வாக்கியங்களைச் சொல்லிக் கையொப்பமிட்டு வரவேண்டும். கால்மணி நேரத்து வேலை.

"அங்ஙனமாயின், மறுநாள் தோப்பிலே நாங்கள் செய்வது வெறும் நாடகமன்றோ?" என்பதே அவருடைய கடிதத்தின் உட்பொருள். அன்று என்பது என் துணிபு. குவேக்கர் என்னும் நண்பர் சபையாரை நோக்குக. 1753ஆம் ஆண்டு விவாகச் சட்டம் ஏனையோரையெல்லாம் ஆங்கிலத் திருச்சபையின் ஆலயங்களுக்குள் செலுத்தியபோது, இவர்களையும் யூதரையுமே விட்டு வைத்தது. அவர்கள் விவாகத்தில் குருவில்லை; பெண்ணைக் கையளிப்பாரும் இல்லை. யாவரும் மௌனமாக அமர்ந்திருக்க, இருவர் எழுந்து ஒருவருக்கொருவர் வாக்களிப்பர். பின்னர் வந்திருப்போர் அனைவரும், சிறுவர் உட்பட, பத்திரத்தில் தம் பெயரெழுதுவர். 2009ஆம் ஆண்டில், பார்லிமெண்டு சட்டமியற்றுமுன்னரே, ஒருபாலார்க்கும் அவ்வண்ணமே விவாகம் செய்விப்பது என்று அச்சபையார் தீர்மானித்தனர். நாற்பது பேரும் கையெழுத்திடும் தாளொன்றைத் தோப்பில் விரித்து வைக்குமாறு நம் நண்பருக்குச் சொன்னேன். அரசாங்கத்திற்கு இரு சாட்சி போதும், வாழப்போகிறவர்களுக்குப் போதாது.

மற்றுமொன்று. அரசாங்க அதிகாரி நடத்தும் விவாகத்தில் சமயச் சடங்கு எதுவும் சேர்தல் ஆகாது. தோப்பிலே அத்தடை கிடையாது. தம் பாட்டியார் கற்பித்த கீர்த்தனத்தைப் பாட வேண்டுமென்று அவர் விரும்பினார். தோப்பினால் அவருக்கு அது கைகூடிற்று.

சம்பிரதாயம் இல்லாதது இவர்களுக்குக் குறை என்று முதலில் நினைத்தேன். யார் முன்னே வந்து காத்திருப்பது, யார் பின்னே நடந்து வருவது, எவரை எவர் கொடுப்பது, மோதிரத்தை முதலில் அணிவிப்பவர் யார்? இவற்றிற்கெல்லாம் நமக்கு விடை முன்னமே உண்டு. அதனாலேயே நாம் வினவுவதில்லை. எத்தனை மணமக்கள் தாம் சொன்ன வாக்கு இன்னதென்று மறுநாள் அறிவர்? இவ்விருவரோ ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பேசியே முடிவு செய்தல் வேண்டும். பல வாரம் பேசி, தோப்பின் இரு முனைகளிலிருந்தும் தனித்தனியே நடந்துவந்து நடுவில் சந்திப்பதென்று தீர்த்திருக்கிறார்கள். நான் கண்ட அநேக விவாகங்களில் இத்துணை யோசனையைப் பந்திக்குச் செலவிட்டார்கள்.

ஆடம்பரமின்மை என்பதிலும் ஓர் ஏமாற்று உண்டு. எளிமைபோலத் தோன்றுவதற்கென்றே கோணிச் சாக்கும், பழைய கண்ணாடிச் சீசாவும், உட்கார வைக்கோற் கட்டும் வாடகைக்குக் கொடுக்கும் வியாபாரம் அங்கே மிகுந்திருக்கிறது. வைக்கோற் கட்டில் எண்பது வயதுக் கிழவி எங்ஙனம் உட்காருவாள்? கிராமத்துச் சாவடியிலிருந்து சாய்வுள்ள நாற்காலிகளை இரவல் வாங்குக என்றேன். ஆப்பிள் பூக்கும் பருவம் மழையும் தூறும் பருவம், புல் சேறாகும், காற்று பேச்சை அள்ளிக்கொண்டு போகும். ஆகவே கூடாரம் ஒன்று, சிறு ஒலிபெருக்கி ஒன்று, முதியோருக்கு அருகிலேயே கழிப்பிடம், வண்டிகள் நிற்கக் காய்ந்த நிலம், இவற்றில் லோபம் கூடாது. பூவுக்குச் செலவே வேண்டா. தோப்பு முழுதும் பூத்திருக்கும்.

திருச்சபையைக் குறித்தும் கேட்டிருந்தார். ஆங்கிலத் திருச்சபை ஒருபாலார் விவாகத்தை நடத்துவதில்லை. 2023 டிசம்பர் முதல் வழக்கமான ஆராதனையினூடே அவர்களுக்காக ஆசி வேண்டும் ஜெபங்களை மட்டும் அனுமதித்திருக்கிறது. பிரிட்டனின் மெதடிஸ்டுச் சபை 2021இலும், 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்துத் திருச்சபை 2022இலும், மனமுள்ள போதகர்கள் அவ்விவாகத்தை நடத்த இடமளித்தன. நம் தென்னிந்தியத் திருச்சபை இடமளிக்கவில்லை. நமக்கு வேதமும் இலக்கணமும் கற்பித்த தாய்ச்சபைகளிற் சில ஒருபுறமும் நாம் ஒருபுறமும் நிற்கிறோம். இவ்வழக்கை இப்பக்கங்களில் தீர்க்க நான் முற்படவில்லை. ஆயினும், தம்மை வளர்த்த சபையின் கீர்த்தனத்தை மரத்தடியில் பாட விரும்பும் ஒருவரை அச்சபைக்கு அந்நியர் என்று எண்ண என் மனம் இடந்தரவில்லை.

நமது நாட்டிலே உச்சநீதிமன்றம் 2018இல் இத்தகையோரின் உறவு குற்றமன்று என்றது. 2023 அக்டோபரில் விவாக உரிமையை அளிக்க மறுத்தது. ஆகையால் இங்கிருந்து செல்லும் நண்பர்களுட் சிலர் தம் வீட்டார்க்குச் சொல்லாமலே செல்வர். படம் எடுப்பதையும் அதனை ஊரறியப் பரப்புவதையும் பற்றி முன்கூட்டியே யாவரிடமும் வேண்டிக்கொள்க என்று அழுத்திச் சொன்னேன். ஒருவருடைய மகிழ்ச்சிநாள் மற்றொருவருடைய வீட்டில் புயலாகக் கூடாது.

கடைசியாக அவர் தாயாரைப் பற்றியது. அழைப்பதா, வேண்டாவா என்று இரண்டிடத்தில் எழுதி இரண்டிடத்திலும் அடித்திருந்தார். அச்சிட்ட அழைப்பு அனுப்பற்க, கையால் எழுதுக, வரச்சொல்லி வற்புறுத்தாமல் நாளையும் இடத்தையும் மட்டும் தெரிவிக்க என்றேன். அங்கே விவாகப் பதிவில் 1837 முதல் தந்தையின் பெயரே எழுதப்பட்டு வந்தது. 2021 மே 4 முதல் தாயின் பெயரும் எழுதப்படுகிறது. தாயார் வந்தாலும் வாராவிடினும் அவர் பெயர் அப்பத்திரத்தில் இருக்கும் என்பதை அக்கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி சொன்னேன்.

அவ்வாறே எழுதினாராம். இவ்விதழ் அச்சுக்குச் செல்லும் இந்நாள்வரை விடை வரவில்லை.