ரம்பம் வாங்குவதற்கு முன் காலணி வாங்குங்கள்

விடிந்தால் போதும், நம் ஆற்காடு–ஆரணி சாலையில் கம்பெனி பேருந்துகள் ஓட ஆரம்பித்துவிடும். திமிரியிலும் சுற்றுப்பட்டு கிராமங்களிலும் இருந்து பெண்பிள்ளைகள் இராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் தைக்கும் காலணி ஐரோப்பாக்காரன் காலுக்குப் போகிறது. ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் இதே கதைதான். ஊருக்கெல்லாம் காலணி செய்து அனுப்புகிற இந்தத் தோல் சீமையில், மரம் அறுக்கும் மிஷினைப் பிடித்திருப்பவர் காலில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். ரப்பர் செருப்பு. சில நேரம் அதுவும் இல்லை.

இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

செயின் சா, பவர் சா, மோட்டார் ரம்பம் என்று பல பெயரில் சொல்கிறோம். பத்துப் பதினைந்து வருடம் முன்புவரை அது மர வியாபாரிகளிடமும் மின்வாரிய ஒப்பந்தக்காரர்களிடமும்தான் இருக்கும். 2011 டிசம்பரில் தானே புயல், 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா என்று வரிசையாக வந்தன. கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாகச் சாய்ந்தபோது, கோடாரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. இப்போது அந்த மிஷின் மிக்சி விலைக்கு இறங்கிவிட்டது. பேரப்பிள்ளை கைப்பேசியில் தட்டினால் மூன்றாம் நாள் வாசலில் பெட்டி. ஏரிக்கரை சீமைக் கருவேலம் வேலியைத் தாண்டி வருகிறது, வேப்பங்கிளை மொட்டை மாடியில் படுத்திருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை, ‘நாமே ஒன்று வாங்கிவிட்டால் என்ன?’ என்ற கேள்வி என் வயதுக்காரர்களிடமே நிறைய வருகிறது.

வாங்கலாம். நான் அதற்கு எதிரி இல்லை. அரை நாள் கோடாரி வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துத் தரும் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை பாதி விலைதான் என்பது என் கட்சி. மீதிப் பாதி நம் உடம்புக்கான செலவு. குமாஸ்தா வேலை பார்த்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்: ரம்பத்துக்கு ஒரு ரூபாய் என்றால் உடம்புக்கு ஒரு ரூபாய். இரண்டையும் சேர்த்துப் போட்டு, கட்டுப்படியானால் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்தக் கருவியின் பிரெஞ்சுப் பெயர் எனக்குப் பிடிக்கும். ‘த்ரோன்சொனேஸ்’ என்பார்கள். ‘த்ரோன்சோன்’ என்றால் துண்டு. துண்டு போடுகிறவள் என்று வைத்துக்கொள்ளலாம், அந்த மொழியில் இது பெண்பால். அந்தப் பெயரிலேயே நமக்கு ஒரு வரம்பு இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பவருக்கு இது கீழே கிடக்கும் மரத்தைத் துண்டு போடும் கருவி. நிற்கும் மரத்தைச் சாய்ப்பதும், மேலே ஏறிக் கிளை கழிப்பதும் வேறு தொழில். அதற்குப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பழங்கதையும் உண்டு. பல் வைத்த சங்கிலியால் அறுப்பது என்ற யோசனை முதலில் வந்தது மரத்துக்காக அல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பை அறுக்க, கையால் இழுக்கும் சிறிய சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். மோட்டார் பூட்டி மரத்துக்குக் கொண்டுவந்தது 1920களில்தான். எலும்பு இந்தச் சங்கிலிக்குப் பழைய உறவு என்பதை மறக்க வேண்டாம்.

இனி வாங்குகிற விஷயம்.

வீட்டு வளாகத்துக்குள், பிளக் எட்டும் தூரத்தில் வேலை என்றால் கரண்டில் ஓடும் ரம்பமே போதும். புகை இல்லை, கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிக்காது, விரலை எடுத்தால் நின்றுவிடும். சுமார் 2,000 வாட் இழுக்கும் என்பதால் டி.வி.க்குப் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகிவிடும். கனமான வயரும் 15 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். வீட்டில் கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச் இருப்பது நல்லது. ஈரத் தரையில், மழைத் தூறலில் தொடவே கூடாது.

தோப்பு, கொல்லை என்றால் பெட்ரோல் மிஷின். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 58 சி.சி., 22 அங்குலப் பட்டை என்று பெரிதாக ஒன்றைக் குறைந்த விலைக்குக் காட்டுவார்கள். அதே பணத்துக்குப் பெரிய சாமான் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? வீட்டு வேலைக்கு 14 அங்குலம், அதிகம் போனால் 16 அங்குலம். அதற்கு 35 முதல் 45 சி.சி. தாராளம். பட்டை நீள நீள அதன் நுனி நம் கண்ணுக்குத் தப்பும். ஆபத்து அந்த நுனியில்தான் இருக்கிறது. கனமும் கூடும். இது இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின், பெட்ரோலில் டூ டி ஆயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. அது போக, சங்கிலிக்கு எண்ணெய் விடத் தனித் தொட்டி உண்டு. அது காலியானால் சங்கிலியும் பட்டையும் எரிந்துபோகும்.

மூன்றாவது, இப்போது எல்லார் வீட்டிலும் வந்து இறங்கும் 4 அங்குல, 6 அங்குல பேட்டரி ரம்பம். பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். அதனாலேயே எனக்கு அதன்மேல் பயம் அதிகம். ஒரு கையில் ரம்பம், இன்னொரு கையில் கிளை என்று பிடிக்கத் தோன்றும். ரம்பம் நழுவினால் போய் விழுவது அந்த இன்னொரு கையில்தான். இரண்டு கையாலும் பிடிக்க வசதியுள்ளதாகப் பார்த்து வாங்கி, மணிக்கட்டு பருமன் கிளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். முன்கைக்கு எதிரே உள்ள தடுப்பைத் தள்ளினால் சங்கிலி உடனே நிற்கிறதா? அதுதான் பிரேக். பின்பிடியில் மேலே உள்ள கட்டையை உள்ளங்கை அழுத்தாமல் விசை இயங்காமல் இருக்கிறதா? மாற்றுச் சங்கிலியும் பழுது பார்க்கும் ஆளும் ஆற்காட்டிலோ வேலூரிலோ கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் பணத்தை எடுக்கலாம்.

இப்போது அந்த இன்னொரு ரூபாய்.

பெட்ரோல் ரம்பத்தின் சங்கிலி முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். 14 அங்குலப் பட்டையின் சங்கிலி நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக, நாம் ‘ஐயோ’ என்று வாயைத் திறப்பதற்குள் இருபது சுற்று. இதற்கு எதிரே ரப்பர் செருப்பு என்ன செய்யும்? கருவேல முள்ளையே அது தடுப்பதில்லை.

முதலில் காலணி. விரல் பக்கம் இரும்புத் தொப்பி வைத்த, கணுக்கால் மூடும் பாதுகாப்பு ஷூ. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 15298 என்ற எண் இருக்கும். அதன் விரல் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி. நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தோல் கெட்டியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். எவ்வளவு நல்ல தோலானாலும் ஓடும் சங்கிலிக்கு அது அப்பளம். காப்பது உள்ளே இருக்கும் இரும்பு.

அடுத்தது காற்சட்டை. இதற்கென்றே ஒரு துணி இருக்கிறது. உள்ளே நீள நீளமான நார் அடுக்கி வைத்திருப்பார்கள். சங்கிலி பட்டதும் அந்த நார் வெளியே வந்து பல்சக்கரத்தில் சிக்கி மிஷினையே நிறுத்திவிடும். முன்பக்கம் மட்டும் கட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. பிரான்சில் தோட்டக் கருவிக் கடைகளில் இதை ரம்பத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். நம் கடைக்காரர்கள் ரம்பத்தை மட்டும் தொங்கவிடுகிறார்கள். பிறகு முகத்தடுப்பும் காதுமூடியும் சேர்ந்த ஹெல்மெட். சத்தம் 100 டெசிபலுக்கு மேல். நம் வயதில் மிச்சமிருக்கும் காதையாவது காப்பாற்றிக்கொள்வோம். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு இவை மூன்றும் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அறுக்கும் முறை பற்றிச் சுருக்கமாக. மிஷினைத் தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலது கால் நுனியை நுழைத்து அழுத்திக்கொண்டுதான் கயிற்றை இழுக்க வேண்டும். தொங்கவிட்டபடி இழுப்பது வீரம் அல்ல. வலது கை பின்னால், இடது கை முன்னால், கட்டைவிரல் பிடியைச் சுற்றி இருக்க வேண்டும். சங்கிலிக்கு நேர் பின்னே நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பட்டை நுனியின் மேல்பாதி எதன்மீதாவது பட்டால் மிஷின் மின்னல் போல நம் முகத்தை நோக்கி எகிறும். நான் சொன்ன நுனி ஆபத்து இதுதான். அதனால்தான் தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. ஏணிமேல் நின்று அறுக்கவே கூடாது.

கிடக்கும் கட்டை எங்கே தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கியிருந்தால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நேர்மாறு: முதலில் கீழே ஒரு பங்கு, பிறகு மேலே. மாற்றிச் செய்தால் கட்டை பட்டையைக் கவ்விக்கொள்ளும், அல்லது பிளந்துகொண்டு வரும். நம் வீட்டு வேப்பமரத்தில் கொடிக்கம்பி கட்டிய ஆணி, அரசியல் கட்சித் தட்டி அடித்த ஆணி எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். அறுப்பதற்கு முன் தடவிப் பாருங்கள். அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் சங்கிலி கூர். மாவு மாதிரி தூள் விழுந்தால் மழுங்கிவிட்டது, வட்ட அரம் போட வேண்டும். மழுங்கிய சங்கிலியை அழுத்துகிறவர்தான் சறுக்குகிறார்.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சர்க்கரையால் பாதம் மரத்திருக்கிறதா? கை நடுங்குகிறதா? அப்படியானால் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பாருங்கள். அறுக்கிறவர் யாராயினும் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வெட்டுப் பட்டால் மஞ்சள் தூளைத் தேடி ஓடாமல், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து 108ஐ அழையுங்கள். மரம் மின்கம்பியைத் தொடுகிறதென்றால் மின்வாரியம் வரும்வரை கிட்டே போகாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘இவ்வளவு வம்பு எதற்கு, கூலிக்கு ஆள் வைத்துவிடலாம்’ என்பீர்கள். பெரும்பாலோருக்கு அதுதான் சரி. ஆனால் அவருக்கும் இரண்டு கால்தானே? இருநூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசி, அவரை ரப்பர் செருப்போடு ஏற்றிவிட்டு, நாம் நிழலில் நின்று பார்க்கிறோம். வெட்டுப் பட்டால் அது அவர் தலைவிதி. நம் வீட்டுக் கிளைக்கு அவர் காலை ஈடு வைக்கிறோம் என்பது நமக்கு உறைப்பதில்லை.

எனக்கு ஒரு யோசனை. கல்யாணம் வந்தால் யாரும் அண்டா குண்டா வாங்குவதில்லை. வாடகைக் கடையில் எடுக்கிறோம். கரண்டியும் மூடியும் சேர்ந்தே வருகிறது. மரம் அறுக்கும் மிஷினை வாடகைக்கு விடும் கடைகளும் அப்படியே செய்யட்டும். ஹெல்மெட், காற்சட்டை, இரண்டு மூன்று அளவில் ஷூ எல்லாம் மிஷினோடு சேர்த்துத்தான் தருவேன் என்று சொல்லட்டும். வாடகை நூறு ரூபாய் கூடினால் கொடுப்போம். காலணி செய்யத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில், இது நடக்காது என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

வரும் ஐப்பசிக் காற்றுக்குள் யாராவது ஒரு கடைக்காரர் ஆரம்பித்தாலும் எனக்கு மகிழ்ச்சி. அதுவரை, உங்கள் வீட்டு வாசலில் ரம்பம் உறுமும் சத்தம் கேட்டால், முதலில் அவர் காலைப் பாருங்கள். வெறும் செருப்பு என்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கிளை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.