மேசை வாள் வாங்குமுன்

கை வாளால் ஒரு நெடும் பலகையை நீளவாக்கில் அறுத்து முடிப்பதற்குள் நெற்றி வியர்வை நிலத்தில் விழும். அதே பலகையை மேசை வாள் சில கணப்பொழுதிற் பிளந்து தந்துவிடும். ஆதலால், வீட்டின் பின்புறத்திலே சிறு பட்டறை ஒன்று வைத்து, யன்னற் சட்டமும் அலுமாரியும் செய்து நாலு காசு தேட விரும்பும் இளைஞர்களுக்கு இவ்வியந்திரத்தின்மீது ஆசை பிறப்பது இயல்பே. ஆசையைக் குறை கூற நாம் வரவில்லை. கடைக்குப் போனதும் அவர்கள் முதலில் எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

"எத்தனை குதிரை வலு? என்ன விலை?" என்பவையே பெரும்பாலும் முதற் கேள்விகள். இரண்டும் வேண்டியவைதாம். ஆயினும் அவற்றுக்கு முன்னர் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. "அறுபடும் பலகை என்னை நோக்கித் திரும்பிப் பாயாதிருக்க இதில் என்ன ஏற்பாடு இருக்கிறது?" என்பதே அது.

காரணத்தைக் கூறுகின்றோம். கை வாளிலே மரம் அசையாதிருக்க, வாளை நாம் நடத்துகின்றோம். மேசை வாளிலோ வாள் ஓரிடத்தில் நின்று சுழல, மரத்தை நாம் தள்ளுகின்றோம். கை வாளை நோக்கிப் போகின்றது. 10 அங்குல வட்ட வாள் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலுமாயின், அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. முன்புறப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்தும். பின்புறப் பற்களோ மேல்நோக்கி எழும். அறுத்த பிளவு மூடிக்கொண்டு வாளைக் கவ்வினாலும், பலகை சற்றே கோணினாலும், அப்பின்புறப் பற்கள் பலகையைத் தூக்கி, தள்ளுபவரின் வயிற்றை நோக்கி எறிந்துவிடும். பலகையோடு கையும் இழுபட்டு வாளின்மேல் விழுவதுண்டு.

யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் இந்த அபாயம் இன்னும் சற்று அதிகம் என்றே சொல்லலாம். இது மழை மிகுந்த களனிப் பள்ளத்தாக்கு. இங்கே மரம் உலர்வது எளிதன்று. மேலும், நமக்கு அருகிலேயே கிடைப்பது இறப்பர் மரம். 1876இல் இலங்கைக்கு வந்த இம்மரம், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படுகின்றது. முன்பு அடுப்புக்கே போன அம்மரத்தில், போரன் உப்பு ஏற்றிப் பக்குவப்படுத்தி, இன்று நல்ல தளபாடங்கள் செய்கின்றனர். ஆனால் அதன் உள்ளிழைகளில் இறுக்கம் உண்டு. அறுக்கும்போதே பலகை வளைந்து பிளவை மூடப் பார்க்கும். எஞ்சிய பாற்பசை வாளின் பற்களில் ஒட்டிச் சூடேற்றும். ஈர மரத்தையும் முறுக்கிய மரத்தையும் மேசை வாளில் ஏற்றாதிருப்பதே முதற் காவல்.

இரண்டாவது காவல் இயந்திரத்திலேயே இருக்க வேண்டும். வாளின் பின்புறத்தை ஒட்டி நிற்கும் வளைந்த இரும்புத் தகடு ஒன்றுண்டு. கடைக்காரர் அதை 'ரைவிங் நைப்' என்பர். அறுபட்ட பிளவினுள் அது புகுந்து நின்று, பிளவு மூடாமற் காக்கின்றது. வாளை உயர்த்தினால் தகடும் உயர வேண்டும். தாழ்த்தினால் தாழ வேண்டும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் தகடு வாளோடு சேர்ந்து அசையாது. ஏதேனும் ஒரு வேலைக்காக அதைக் கழற்றியவர் மறுபடி பூட்டுவது அரிது. பாவித்த இயந்திரம் வாங்குவோர் இத்தகடும் வாளின் மேல்மூடியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். "அவை தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால் அவ்விடத்தை விட்டு வந்துவிடலாம்.

மூன்றாவது, பலகை சாய்ந்து செல்லும் வழிச்சட்டம். இதனை 'பென்ஸ்' என்பர். இது வாளுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். மின் இணைப்பு இல்லாதபோது சட்டத்தை இறுக்கிவிட்டு, வாளின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் அதற்குள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பின்புறத்தில் தூரம் குறைந்தால், அச்சட்டமே பலகையை வாளோடு நெருக்கும். இறுக்கிய பின்னரும் கையால் தள்ள அசைகின்ற சட்டம் உதவாது.

இவை திருப்தியாயின், இனிக் குதிரை வலுவைக் கேட்கலாம். வீட்டுப் பட்டறைக்கு இருவர் தூக்கி வைக்கத்தக்க சிறு மேசை வாளே போதும். 10 அங்குல வாள் ஏறத்தாழ 3 அங்குலக் கனமான மரம்வரை அறுக்கும். 1,800 வாற் மோட்டர் நமது 230 வோல்ற் மின்சாரத்தில் ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் இன்னும் கூடும். 5 அம்பியர் துளையில் இதனைச் செருகுதல் தகாது. தனிக் கம்பியும், நில இணைப்பும், ட்ரிப் சுவிட்சும் வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். அங்கிருந்து வந்த பழைய இயந்திரமாயின் அதிலுள்ள தகட்டை வாசித்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும். பெரிய வார்ப்பிரும்பு மேசை அதிர்வின்றி வேலை செய்யும் என்பது மெய்யே. ஆனால் நம் ஈரக் காற்றில் எண்ணெயோ மெழுகோ இடாவிட்டால் அது துருப்பிடித்துவிடும்.

வாளையும் வேலைக்கேற்ப மாற்ற வேண்டும். நீளவாக்கில் அறுக்க 24 பற்கள் போதும்; குறுக்கே துப்புரவாக அறுக்க 60 பற்கள் வேண்டும். மரத்தூளையும் அற்பமாக எண்ணலாகாது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வகுத்துள்ளது. ஆகவே குழந்தைகள் உறங்கும் லயத்து அறைக்குள் இவ்வேலை கூடாது. காற்றோட்டமுள்ள தாழ்வாரமே தக்க இடம்.

அமெரிக்காவிலே மேசை வாளால் காயமுற்று மருத்துவமனை செல்வோர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர். இதைத் தடுக்கவே ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் ஒரு சாதனத்தை அமைத்தார். விரல் பட்ட மாத்திரத்தில், ஆயிரத்தில் ஐந்து பங்கு வினாடிக்குள் வாள் நின்றுவிடும். 'சோஸ்டொப்' என்னும் பெயரில் 2004 முதல் இவ்வாள் விற்பனையாகின்றது. ஆனால் விலை அதிகம். ஒருமுறை நின்றால் தடைப்பெட்டியையும் பொதுவாக வாளையும் மாற்ற வேண்டும். அது வாங்க இயலாதவர்களுக்குப் பின்தகடும், மேல்மூடியும், தள்ளுகோலும் உண்டு. தள்ளுகோலை மரத்துண்டில் நாமே செதுக்கிக்கொள்ளலாம், அதற்குச் செலவேயில்லை.

மாதத்தில் இரண்டொரு பலகை அறுப்பவருக்கு மேசை வாளே வேண்டியதில்லை. நல்ல கை வாள் ஒன்றும், பொறுமையும் போதும். தொழிலாகவே செய்யத் துணிந்த பிள்ளைக்குப் பணம் கொடுக்கும் பெற்றோருக்கு நாம் சொல்வது ஒன்றே: கொழுந்து கிள்ளியும் பால் வெட்டியும் சேர்த்த பணம் அது. பிள்ளையோடு நீங்களும் கடைக்குச் செல்லுங்கள். தகடு எங்கே, மூடி எங்கே, சட்டம் அசைகிறதா என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னர் விலை பேசலாம்.