மூழ்கிய கோவில்களுக்குக் கணக்கு எழுதிய அம்மையார்

மத்தியத் தொல்லியல் துறை 1861-ம் ஆண்டு தொடங்கியது. அதன் தலைமை இயக்குநர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார 120 ஆண்டுகள் ஆயின. 1981-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் தேபலா மித்ரா என்ற வங்காளப் பெண்மணி. 1983-ல் ஓய்வு பெற்றார். 2003-ல் காலமானார்.

"முதல் பெண்" என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல. நாற்காலி கடைசி இரண்டு ஆண்டுகள்தான். அதற்கு முன் செய்த வேலை அல்லவா பெரிது!

பெண்கள் ஆபீசில் டைப் அடிப்பதையே அதிசயமாகப் பார்த்த காலத்தில், ஒடிசாவின் ரத்னகிரிக் குன்றில் தோண்டியவர் அவர். (மாம்பழத்துக்குப் பேர்போன நம் கொங்கண் ரத்னகிரி அல்ல, இது ஜாஜ்பூர் மாவட்டம்.) 1958 முதல் 1961 வரை வேலை நடந்தது. பெரிய ஸ்தூபம், புத்த பிக்குகளின் விகாரங்கள், நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு ஸ்தூபங்கள் வெளிப்பட்டன. களிமண் முத்திரைகளும் கிடைத்தன. அவற்றில் ரத்னகிரி மகாவிகாரம் என்றே பொறித்திருந்தது. குன்றின் பழைய பெயரும் அதுதான் என்று உறுதிப்பட்டது.

இன்னொரு வேலை மனதை வருத்துவது. மேற்கு வங்கம் புருலியா மாவட்டத்தில், தாமோதர் ஆற்றங்கரையில் தேல்குபி என்று ஓர் ஊர். அங்கே பழைய கோவில்கள் கூட்டமாக நின்றன. 1950-களின் கடைசியில் பாஞ்சேத் அணை எழும்பியது. மின்சாரம் வந்தது, நல்லதுதான். ஆனால் கோவில்கள் தண்ணீருக்குள் போயின. முன்கூட்டியே அளந்து படம் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மிச்சத்தைப் பார்த்தும், 19-ம் நூற்றாண்டில் பெக்லர் என்பவர் எழுதி வைத்த விவரங்களைக் கொண்டும், மூழ்கியவற்றுக்குக் கணக்கு எழுதினார் தேபலா மித்ரா. 1969-ல் அது நூலாக வந்தது. அந்தக் கோவில்களைப் பற்றி இன்று விவரம் தேடுகிறவர் அதைத்தான் புரட்ட வேண்டும்.

அஜந்தா, சாஞ்சி, கொனாரக் ஆகிய இடங்களுக்குத் துறை வெளியிட்ட சிறு கையேடுகளும் அவர் எழுதியவையே. பெரிய அதிகாரி சுற்றுலாப் பயணிக்காகக் கையேடு எழுதுவதைக் கௌரவக் குறைவாக அவர் நினைக்கவில்லை.

ஒரு குறையும் உண்டு. ரத்னகிரி அறிக்கை இரண்டு பாகங்களாக அச்சேறியது 1981-லும் 1983-லும். தோண்டி முடித்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு! தோண்டியவரே இருந்து எழுதியதால் அதுவாவது வந்தது.

இதே துறை கீழடியில் 2014 முதல் 2016 வரை தோண்டியது. அறிக்கை 2023 ஜனவரியில் கொடுக்கப்பட்டது. 2025 மே மாதம் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். காலக் கணிப்பில் சந்தேகம் இருக்கலாம், இருக்கட்டும். அச்சில் வந்தால்தானே மற்ற அறிஞர்கள் படித்துச் சரி, தவறு சொல்ல முடியும்? எழுதியவர் எழுதியபடி அதை வெளியிடட்டும். துறைக்கு மாற்றுக் கருத்து இருந்தால், அதையும் பக்கத்திலேயே அச்சிடட்டும்.